தானாக அடைந்து திறக்கும் திறன்பேசி: பழுதறிந்து சீராக்கும் முறை

கைக்கு ஆறாம் விரலாய்த் திறன்பேசி ஒட்டிக்கொண்டுவிட்ட காலம் இது. அந்த விரலுக்கு நோய் வந்தால் வீடு முழுவதும் எப்படித் தடுமாறுகிறது என்பதைக் கடந்த பருவ விடுமுறையில் எங்கள் வீட்டிலேயே கண்டேன். அவ்வனுபவத்தையும் அதன்வழி நான் கற்றுக்கொண்ட பழுதறியும் முறையையும் வாசக நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நான் கணினித் துறை மாணவன் அல்லன். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு, புதுமுக வகுப்பில் ஓராண்டு, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி என்று படித்து வந்தவன். ஆகவே, என்னைப் போன்றவர்களுக்கும் விளங்கும்படியே எழுத முயன்றிருக்கிறேன்.

எங்கள் வீடு பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகே ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறது. 2007-ஆம் ஆண்டு வரை பத்தாங் பெர்ஜுந்தை என்று அழைக்கப்பட்ட ஊர் அது. மலேசியாவில் வணிக நோக்கில் முதன்முதலாகச் செம்பனை பயிரிடப்பட்ட தென்னமரம் தோட்டமும் கோலசிலாங்கூர் மாவட்டத்தின் இப்பகுதியில்தான் உள்ளது. அது 1917-இல் நடந்தது. நூறாண்டு கடந்தும் எங்கள் பக்கம் அதிகாலைப் பெரட்டு மாறவில்லை. எந்தக் காட்டில் வேலை என்பதை மண்டோர் இப்போது புலனக் குழுவில் அனுப்புகிறார் என்பது மட்டுமே மாற்றம். அம்மாவின் திறன்பேசிதான் எங்கள் வீட்டுக்குக் கடிகாரம், வங்கி, கடிதப்பெட்டி எல்லாம். எனக்கு மாதச் செலவுப் பணம் வருவதும் அதன் வழியாகத்தான்.

ஒரு நாள் அம்மா அழைத்தார். "தம்பி, போனு தானா அடைஞ்சி அடைஞ்சி தொறக்குதுய்யா. காலையில அலாரமே அடிக்கல. பெரட்டுக்குப் பிந்திட்டேன்" என்றார். அன்றைய சம்பளம் போயிற்று. பட்டணத்துக் கடை ஒன்றில் காட்டியபோது, "போர்ட் போயிருச்சு அக்கா, புதுசு வாங்கிருங்க" என்று 900 ரிங்கிட் விலையில் ஒன்றைக் காட்டினார்களாம். திறந்துகூடப் பார்க்கவில்லை. தவணையில் வாங்கிவிடலாமா என்று அம்மா என்னைக் கேட்டார். "நான் வரும்வரை பொறுங்கம்மா" என்றேன்.

அப்படிச் சொன்னேனே தவிர, எனக்கும் அச்சம்தான். காரணம், இதே நோயுள்ள ஒரு திறன்பேசியை நான் முன்பே ஒருமுறை 'கொன்றிருக்கிறேன்'.

நான் செய்த பிழை

2020 மார்ச் 18-இல் மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிப் பள்ளிகள் மூடப்பட்டபோது, சின்னம்மாவின் திறன்பேசியில்தான் எனக்குப் பாடம் நடந்தது. பாடத்தின் நடுவே அது அணைந்து அணைந்து எரியும். யாரோ காணொளியில் சொன்னதைக் கேட்டு, பொத்தான்களை அழுத்திப் பிடித்து மீட்புப் பட்டியலுக்குள் நுழைந்து, எல்லாவற்றையும் அழித்துத் தொடக்க நிலைக்குக் கொண்டுசெல்லும் கட்டளையைத் தட்டிவிட்டேன். இரண்டு நிமிட வேலை.

அதில் எங்கள் பழைய லயத்தின் படங்கள் இருந்தன. இடிக்கப்படுவதற்கு முன் சின்னம்மா வீடு வீடாக நடந்து எடுத்தவை. அம்மன் கோயில் திருவிழாவும் அதில் இருந்தது. வேறு எங்கும் அவற்றுக்குப் படியில்லை. அதுவும் போதாதென்று, திறன்பேசி மீண்டும் எழுந்தபோது பழைய கூகுள் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டது. கணக்கைத் திறந்து கொடுத்தவர் விற்ற கடையில் வேலை செய்த யாரோ ஒரு பையன். கடவுச்சொல் சின்னம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. திருடர்கள் பயன்படுத்த முடியாதபடி செய்யப்பட்ட அந்தப் பூட்டு, உரிமையாளரையே வெளியே நிறுத்திவிட்டது. சின்னம்மா என்னைத் திட்டவில்லை. "போனா போவுதுப்பா" என்றார். அது இன்றும் என்னை உறுத்துகிறது.

நோய் இன்னது, அதன் காரணம் இன்னது, தணிக்கும் வழி இன்னது என்று வரிசையாய் ஆராய்ந்த பின்னரே மருந்திடச் சொன்னார் திருவள்ளுவர். நான் அன்று நேராக மருந்துக்குப் போனேன். இம்முறை வரிசையை மாற்றவில்லை.

முதற்படி: இருப்பதைக் காப்பாற்றுதல்

பழுது பார்ப்பதற்கு முன் செய்ய வேண்டியது, உள்ளே இருப்பவற்றுக்குப் படியெடுப்பது. திறன்பேசி ஐந்து நிமிடமாவது நிலையாக நிற்கிறதென்றால் அந்த ஐந்து நிமிடத்தை இதற்கே செலவிட வேண்டும். படங்களைக் கம்பி வழியாகக் கணினிக்கு மாற்றலாம்; கணினி இல்லையெனில் நினைவக அட்டைக்கு மாற்றலாம். புலனத்தின் அமைப்புகளில் உரையாடல்களுக்குக் காப்புப்படி எடுக்கும் வசதி உண்டு. கூகுள் கணக்கு இலவசமாகத் தரும் 15 ஜிகாபைட் இடத்தை மின்னஞ்சல், படங்கள், ஆண்ட்ராய்டுப் புலனக் காப்புப்படி ஆகிய எல்லாம் பங்குபோட்டுக்கொள்கின்றன; ஆகவே அது நிரம்பியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கடைசியாக, கூகுள் கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் சரிபார்த்து ஓர் ஏட்டில் எழுதி வீட்டில் பத்திரப்படுத்த வேண்டும். மறந்திருந்தால், திறன்பேசி உயிரோடு இருக்கும்போதே மாற்றிக்கொள்வது எளிது.

அம்மாவின் திறன்பேசியை மின்னூட்டியில் செருகி வைத்தபடியே இவற்றைச் செய்தேன். அப்போது அது ஒருமுறைகூட அணையவில்லை. அது ஒரு தடயம் என்பது பின்னர்தான் விளங்கியது.

இரண்டாம் படி: நோயின் பெயரை அறிதல்

'கெட்டுப்போச்சு' என்ற ஒரு சொல்லுக்குள் நான்கு வெவ்வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. ஒரு செயலி மட்டும் திடீரென மூடிக்கொள்வது முதல்வகை. திரை அசையாமல் உறைந்து நிற்பது இரண்டாம் வகை. முழுத் திறன்பேசியும் அணைந்து தானே மீண்டும் எழுவது மூன்றாம் வகை. எழும்போதே நிறுவனச் சின்னத்தைத் தாண்டாமல் திரும்பத் திரும்பச் சுழல்வது நான்காம் வகை. முதல்வகை பெரும்பாலும் மென்பொருளில் இருக்கும். மற்றவற்றுக்கு மென்பொருள், மின்கலன், வெப்பம், உட்பலகை என்று எதுவும் காரணமாகலாம்.

எனவே அம்மாவிடம் பள்ளி ஏடு ஒன்றைக் கொடுத்தேன். மூன்று நாள், அது அணையும்போதெல்லாம் நான்கு செய்திகளைக் குறிக்கச் சொன்னேன்: நேரம் என்ன, என்ன செய்துகொண்டிருந்தீர்கள், மின்கலனில் எத்தனை விழுக்காடு இருந்தது, தொட்டால் சுட்டதா. அம்மாவின் குண்டு குண்டான எழுத்தில் பதினொரு குறிப்புகள் சேர்ந்தன. அவற்றுள் ஆறு, புலனத்தில் காணொளி வந்து இறங்கும்போது நிகழ்ந்தவை. நான்கு, படம் எடுக்கும்போதோ முகம் பார்த்துப் பேசும்போதோ நிகழ்ந்தவை. அந்நான்கிலும் மின்கலன் 40 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தது. ஒன்று மட்டும் காரணம் தெரியாதது. ஆக, நோய் ஒன்றல்ல, இரண்டு என்பது வெள்ளிடைமலையாயிற்று.

மூன்றாம் படி: காசில்லாமல் செய்யக்கூடியவை

செலவில்லாதவற்றை முதலிலும் செலவுள்ளவற்றைக் கடைசியிலும் சோதிக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். ஐந்தை ஒன்றாக மாற்றிச் சரியாகிவிட்டால், எது மருந்து என்று தெரியாமலே போய்விடும்.

முதலில் உறையைக் கழற்றிப் பாருங்கள். இறுக்கமான உறை பக்கத்துப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தாலும் திறன்பேசி தானாக அணைந்து எழும். சில வகைகளில் குறித்த நேரத்தில் தானே மறுதொடக்கம் செய்துகொள்ளும் வசதியும் அமைப்புகளில் உண்டு; அது திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து, சேமிப்பிடம். அம்மாவின் 32 ஜிகாபைட்டில் ஒரு ஜிகாபைட்கூட மிச்சமில்லை. காலை வணக்கப் படங்கள், ஒரே நகைச்சுவைக் காணொளி ஏழு குழுக்களிலிருந்து ஏழு முறை, பிறகு 'போனைச் சுத்தம் செய்கிறேன்' என்று விளம்பரத்தில் வந்து குடியேறிய இரண்டு செயலிகள். செயலிகள் ஓடும்போது தற்காலிகக் கோப்புகளை எழுதிக்கொண்டே இருக்கும். எழுத இடமில்லையென்றால் தடுமாறி மூடிக்கொள்ளும். இயங்குதளமே தடுமாறினால் முழுத் திறன்பேசியும் மீண்டும் தொடங்கும். ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இடமாவது எப்போதும் காலியாக இருப்பது நல்லது. தேவையற்றவற்றை அழித்து, புலனத்தில் படங்களும் காணொளிகளும் தாமே இறங்கும் வசதியை அடைத்தேன். காணொளி வரும்போது அணையும் நோய் அன்றோடு நின்றது.

மூன்றாவது, பாதுகாப்பு முறை. சேஃப் மோட் என்று கடைக்காரர்கள் சொல்வது இதைத்தான். பல ஆண்ட்ராய்டுகளில், அணைக்கும் பட்டியலை வரவழைத்து, 'அணை' என்னும் குறியை விரலெடுக்காமல் அழுத்திப் பிடித்தால் இந்த முறைக்குப் போகலாமா என்று கேட்கும். இதில் நாம் பதிவிறக்கிய செயலிகள் எவையும் ஓடா. பாதுகாப்பு முறையில் திறன்பேசி ஒழுங்காக நின்றால், குற்றவாளி நாம் சேர்த்த செயலிகளுள் ஒன்று. அண்மையில் சேர்த்ததிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கிப் பார்க்க வேண்டும். திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் புலனத்தில் வரும் ஏபிகே கோப்பை யாரேனும் நிறுவியிருந்தால் அதை உடனே நீக்கி, வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். பாதுகாப்பு முறையிலும் அணைந்தால், மின்கலனையும் உட்பாகங்களையும் நோக்கிப் போகலாம்.

நம் தவறே இல்லாத வேளைகள்

சில நேரங்களில் குற்றம் நம் கையிலும் இல்லை, திறன்பேசியின் உடலிலும் இல்லை. 2021 மார்ச் 22, 23 ஆகிய நாள்களில் உலகெங்கும் ஆண்ட்ராய்டு பயன்படுத்துவோரின் செயலிகள் திறந்தவுடன் மூடிக்கொண்டன. செயலிகளுக்குள் இணையப் பக்கங்களைக் காட்டும் வெப்வியூ என்னும் கூறில் வந்த பிழையே காரணம். கூகுள் புதுப்பிப்பு அனுப்பியதும் சரியாகிவிட்டது. அந்நாளில் அவசரப்பட்டு எல்லாவற்றையும் அழித்தவர்கள் வீணாக இழந்தார்கள்.

2020-இல் ஓர் அழகான ஏரிப் படம் பரவியது. அதைத் திரைப்பின்னணியாக வைத்தால் ஆண்ட்ராய்டு 10 இயங்கிய சில திறன்பேசிகள் ஓயாமல் மீண்டும் மீண்டும் தொடங்கின. படத்தின் நிறவகையை அந்த மென்பொருளால் சரியாகக் கையாள முடியவில்லை. ஒளி அளவு 0 முதல் 255 வரைதான் இருக்கும் என்று அது எதிர்பார்த்திருக்க, கணக்கிட்டபோது அந்த எல்லையைத் தாண்டி ஓர் எண் வந்து நின்றது. அவ்வளவுதான் பிழை.

மொழி மாணவர்களாகிய நாம் மறக்கக்கூடாத நிகழ்ச்சி 2018 பிப்ரவரியில் நடந்தது. தெலுங்கின் 'ஜ்ஞா' என்னும் கூட்டெழுத்து ஒரு செய்தியில் வந்தாலே ஐபோனின் செயலிகள் முடங்கின. அறிவிப்பாக வந்தால் முகப்புத்திரையே திரும்பத் திரும்ப விழுந்தது. எழுத்துகளை அடுக்கி வரையும் மென்பொருளில் இருந்த குறை அது. அதே மாதம் 19-ஆம் நாள் வெளிவந்த ஐஓஎஸ் 11.2.6 அதைத் தீர்த்தது. கோடிக்கணக்கானோர் அன்றாடம் பேசி எழுதும் மொழியின் ஓர் எழுத்தைச் சோதித்துப் பார்க்காமல் விட்டதன் விளைவு அது. இவற்றிலிருந்து பெறும் பாடம் எளியது: திடீரென நோய் வந்தால், அக்கம்பக்கத்தாருக்கும் அதே நோய் வந்திருக்கிறதா என்று கேளுங்கள். இயங்குதளத்தையும் செயலிகளையும் புதுப்பித்துப் பாருங்கள்.

நான்காம் படி: மின்கலனும் வெப்பமும்

இடத்தைக் காலியாக்கிய பின்னும் அம்மாவின் திறன்பேசி படம் எடுக்கும்போது அணைந்தது. பாதுகாப்பு முறையிலும் அணைந்தது. மின்னூட்டியில் செருகியிருந்தால் மட்டும் அணையவில்லை. இம்மூன்றும் ஒன்றாகச் சுட்டிய இடம், பேட்டரி என்று நாம் வழங்கும் மின்கலன்.

லித்தியம் மின்கலன் முதுமையடையும்போது அதன் உள்தடை கூடுகிறது. சும்மா இருக்கும்போது அது சமாளித்துக்கொள்ளும். ஒளிப்படக்கருவி, விளையாட்டு, காணொளி அழைப்பு போன்றவை திடீரென அதிக மின்சாரம் கேட்கும்போது மின்னழுத்தம் சட்டென்று சரியும். கருவிக்கு வேண்டிய அளவுக்குக் கீழே சரிந்ததும், 40 விழுக்காடு என்று திரை காட்டினாலும் அணைந்துவிடும். வயதானவர் சமதரையில் நன்றாக நடந்து, மேடு ஏறும்போது மூச்சு வாங்குவதைப் போன்றதுதான் இது.

இதே நோய் ஐபோன் 6 வகைகளுக்கும் வந்தது. எதிர்பாராத அணைவைக் குறைக்க 2017 ஜனவரியில் வந்த ஐஓஎஸ் 10.2.1-இன் வழி ஆப்பிள் நிறுவனம் முதிர்ந்த மின்கலனுள்ள கருவிகளின் வேகத்தைக் குறைத்தது. பயனர்களுக்கு அதைத் தெளிவாகச் சொல்லவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் உண்மை வெளிவந்து கண்டனம் எழுந்ததும் மன்னிப்புக் கேட்டு, மின்கலன் மாற்றும் கட்டணத்தை 79 அமெரிக்க வெள்ளியிலிருந்து 29 வெள்ளியாகக் குறைத்தது. புதிய கருவி வாங்கவிருந்த பலருக்கு மின்கலன் மட்டும் மாற்றினாலே போதும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

மின்கலனை விரைவாக முதுமையாக்குவது வெப்பம். சுற்றுப்புறம் 35 பாகை செல்சியசைத் தாண்டாத இடத்தில் பயன்படுத்துமாறு ஆப்பிள் அறிவுறுத்துகிறது. நம் பக்கத்து நண்பகல் வெயிலில், மோட்டார் கூடையிலோ லோரியின் கண்ணாடிக்கு அடியிலோ கிடக்கும் திறன்பேசி அந்த அளவை எளிதில் தாண்டிவிடும். அம்மா காட்டில் வேலை செய்யும்போது அதை மோட்டார் கூடையில்தான் வைத்திருந்தார். இப்போது துணியில் சுற்றிச் சோற்றுப் பையின் நிழலில் வைக்கிறார். இரவில் தலையணைக்கடியில் வைத்து மின்னூட்டுவதையும் நிறுத்தியாயிற்று. மின்னூட்டியும் சிரிம் முத்திரையுள்ளதாக இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பின்மூடி புடைத்திருந்தாலோ திரை மேலெழுந்திருந்தாலோ மின்கலன் வீங்கியிருக்கிறது. அதை அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், மின்னூட்டாதீர்கள், பழுதுபார்ப்பவரிடம் கொண்டுசெல்லுங்கள். சாம்சுங் நோட் 7 திறன்பேசிகள் மின்கலன் குறையால் தீப்பற்றியதும், 2016-இல் நிறுவனம் அதன் உற்பத்தியையே நிறுத்தியதும் நாம் அறிந்ததே.

ஐந்தாம் படி: உட்பலகையும் இறுதி மருந்தும்

இவையெல்லாம் பார்த்தும் தீராவிட்டால்தான் 'போர்ட் போயிருச்சு' என்ற தீர்ப்புக்கு இடமுண்டு. கீழே விழுந்தது, மழையில் நனைந்தது போன்ற வரலாறு இருந்தால் அந்த ஐயம் வலுப்படும். தொழிற்சாலைக் குறையாகவும் இருக்கலாம். எல்ஜி ஜி4 வகை மீண்டும் மீண்டும் தொடங்கியதற்கு உள்ளே பாகங்களுக்கிடையே தொடர்பு தளர்ந்ததே காரணம் என்று 2016 ஜனவரியில் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டு பழுதுபார்த்துக் கொடுத்தது. ஆகவே, உத்தரவாதக் காலம் முடிந்ததா என்று பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

எல்லாவற்றையும் அழித்துத் தொடக்க நிலைக்குக் கொண்டுசெல்வது, மென்பொருள் நோய் என்று உறுதியான பிறகு, படியெடுத்த பிறகு, கடவுச்சொல் கையில் இருக்கும்போது மட்டும் செய்ய வேண்டியது. அதன் பின்னும் செயலிகளை ஒரே நாளில் குவிக்காமல் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். இல்லையேல் பழைய நோயாளியையே மீண்டும் வீட்டுக்குள் அழைத்தவர்களாவோம்.

அம்மாவின் திறன்பேசிக்கு அது தேவைப்படவில்லை. வேறொரு கடையில், எங்கள் ஏட்டைக் காட்டினேன். பழுதுபார்ப்பவர் படித்துச் சிரித்துவிட்டு, "இப்படி எழுதிக்கொண்டு வந்தால் எங்களுக்குப் பாதி வேலை மிச்சம்" என்றார். மின்கலன் மாற்ற 85 ரிங்கிட். அதன் பிறகு அது தானாக அடையவில்லை.

அம்மா படித்த எச்சரிக்கை

விடுமுறை முடிந்து புறப்படும் முன், அம்மாவிடம் ஒன்று கேட்டேன். "இடம் முடிஞ்சிபோச்சுன்னு போனு எச்சரிக்கை காட்டியிருக்குமே, பாக்கலயாம்மா?" அம்மா சொன்னார்: "ஏதோ இங்கிலீசுல வரும்யா. ஓகேன்னு தட்டிருவேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நோய் இன்னது என்று திறன்பேசி பல மாதங்களாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. கேட்பவருக்குப் புரியாத மொழியில் சொன்னதுதான் குறை. அம்மா தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்தவர்; தமிழ் நாளிதழை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிப்பவர். நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005-லேயே கைப்பேசியில் தமிழைக் கொண்டுவந்துவிட்டது. இன்று ஆண்ட்ராய்டின் அமைப்புகளில் தமிழைத் தேர்ந்தெடுத்தால் பட்டியல் முழுவதும் தமிழாகிவிடும். தமிழ்மொழிக் கழகத்தில் உட்கார்ந்து தமிழ்க் கணிமை பற்றிப் பேசும் நான், என் தாயின் திறன்பேசியில் அந்த ஒரு பொத்தானைத் தட்டியிருக்கவில்லை.

அன்றே மாற்றினேன். சில சொற்கள் அம்மாவுக்கு வேடிக்கையாக இருந்தன. இரண்டொரு நாளில் பழகிவிட்டன. போன மாதம் அம்மா அழைத்து, "சேமிப்பிடம் குறைகிறதுன்னு வந்துச்சுய்யா. பழைய வீடியோவெல்லாம் நானே அழிச்சிட்டேன். உன் படத்த மட்டும் அழிக்கல" என்றார். நான் ஒன்றும் செய்யவில்லை. அவரே படித்தார், அவரே தீர்த்தார்.

அன்பு நண்பர்களே, அடுத்த முறை தஞ்சோங் காராங்குக்கோ ஈஜோக்குக்கோ புக்கிட் ரோத்தானுக்கோ, உங்கள் ஊர் எதுவோ அங்கே திரும்பும்போது, ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வீட்டில் உள்ளவர்களின் திறன்பேசியை வாங்கிப் படங்களுக்குப் படியெடுங்கள், கடவுச்சொல்லை ஏட்டில் எழுதுங்கள், விரும்புவோருக்குத் தமிழ்ப் பட்டியலை வையுங்கள். அது கெட்டுப்போகும் வரை காத்திருக்க வேண்டாம். சின்னம்மாவின் லயத்துப் படங்களை என்னால் இனி மீட்க முடியாது. உங்கள் வீட்டுப் படங்கள் இன்னும் அங்கேயேதான் இருக்கின்றன.